முன்பல் நாலு

பல்செட்காரருக்கு அலுத்துப்போயிருந்தது. எது அலுத்தது என்று யாராவது குறிப்பாகக் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. பிளாஸ்டர் தூசியா, அது கொண்டுவந்த வறட்டு இருமலா, குனிந்து குனிந்து வளைந்துபோன முதுகா, "நாளைக்குக் காலையில பேஷன்ட் வராங்க, எப்படியாவது முடிச்சுக் குடுத்துடுங்க" என்று பொழுது சாயும் நேரத்தில் போன் போடும் டாக்டர்களா? எல்லாம்தான். வீட்டின் பின்னறையில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, பீங்கான் சுடுகிற சின்ன மின்அடுப்பு, பல்லை ராவும் மெஷின், அலமாரி நிறைய யார் யாருடையதோ தாடைகள். ஜன்னலைத் திறந்தால் காயப்போட்ட துணியெல்லாம் மாவாகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வருவாள். மூடினால் மூச்சு முட்டும். திறப்பதும் மூடுவதுமாகவே ஆயுசில் பாதி போய்விட்டது.

வேலை என்னவோ சொல்வதற்கு எளிதுதான். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்ப்பார். தாடைக்கு ஏற்றபடி பல்லைச் செய்து மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்துப் பொதிந்து கொடுப்பார். அவர் மனைவி அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு, அடுத்த அச்சை வாங்கிக்கொண்டு வருவாள். அந்தம்மாவுக்கு முட்டிவலி வேறு. டாக்டர் பல்லை மாட்டிவிடுவார். மாட்டிக்கொண்டவர் கண்ணாடியில் பார்த்துப் பூரித்துப்போய் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார். இதைச் செய்தவன் ஒருத்தன் வேறெங்கோ இருமிக்கொண்டிருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. டாக்டரும் சொல்ல மாட்டார். தொழிலில் அது எழுதாத சட்டம். பல்செட்காரருக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. மனுஷர்களோடு பேசும் தொல்லை மிச்சம் என்றுதான் இருந்தார். எத்தனையோ வாய்களை அவர் உள்ளும் புறமும் அறிந்திருந்தார். ஒரு முகத்தைக்கூட அறிந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கல்யாணமாகி வேறு பேட்டையில் இருக்கிறவள். ஒரு கம்பெனியில், வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் உத்தியோகம்.

"அப்பா, பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுல பல் பிரிவுக்குன்னு சொந்தமா லேப் ஆரம்பிக்கிறாங்க. பொறுப்பா பாத்துக்க அனுபவம் உள்ள ஆள் வேணுமாம். காலையில போயிட்டு சாயங்காலம் வந்துடலாம். தூசிய உறிஞ்சற மெஷின் இருக்கு. ஞாயித்துக்கிழமை லீவு."

"அதெல்லாம் சின்னப் பசங்களுக்கும்மா."

"முதுகு சாய்ச்சு உக்கார்ற நாற்காலி இருக்குப்பா. மேல கீழ ஏத்தி எறக்கலாம்."

நாற்காலியில்தான் அவர் விழுந்தார். அவர் உட்காருவது ஒரு முக்காலி. அதில் ஒரு கால் கொஞ்சம் கட்டை. அடியில் அட்டையை மடித்து வைத்து வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன குடுக்கணும்? சர்ட்டிபிகேட் எல்லாம் எங்க இருக்கோ..."

"சர்ட்டிபிகேட் யாருப்பா கேக்கறா? ப்ரொஃபைல் லிங்க் அனுப்பச் சொல்றாங்க. வேலை பாக்கறவங்களுக்குன்னே ஒரு தளம் இருக்கு. அதுல உங்களப் பத்தி ஒரு பக்கம் போடணும். போட்டோ, செஞ்ச வேலை, எல்லாம்."

"நான் இருக்கறதே ஒருத்தருக்கும் தெரியாது. என்னப் பத்தி ஒரு பக்கமா?" என்றார்.

"அதுக்குத்தாம்பா போடறது" என்றாள் மகள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அன்று மத்தியானம் முழுக்க அந்தக் கூத்துதான். இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, வெள்ளைச் சுவரின் முன்னால் நிறுத்தி, மகள் போனைத் தூக்கினாள். "சிரிங்கப்பா." அவர் உதட்டை இழுத்து மூடிக்கொண்டு நின்றார். கடைவாய்ப் பக்கம் அவருக்கே ரெண்டு பல் கிடையாது. செய்துகொள்ள நேரம் வந்தால்தானே? "ஊர் உலகத்துக்கெல்லாம் பல்லக் குடுத்துட்டு இவரு பொக்கையா நிக்கறதப் பாரு" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அப்போது சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அந்தப் படமே நன்றாக இருந்தது.

தொழில் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. மகள் 'முன்பல் அழகியல் நிபுணர்' என்று அடித்தாள்.

"அடிப்பாவி, நிபுணரா? பல்செட் செய்யறவர்னு போடும்மா."

"அப்படிப் போட்டா ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. நீங்க பேசாம இருங்க. சரி, நீங்க செஞ்சதுலயே எது ரொம்ப நல்ல வேலை?"

அதற்கு அவர் யோசிக்கவே இல்லை. போனைத் துழாவி எடுத்துக் காட்டினார். மேல்வரிசை முன்பல் நாலு. போன வருஷம் டாக்டரம்மா அனுப்பிய வேலை. அவருக்கு முக்கால்வாசி வேலை கொடுக்கிறவள் அந்த டாக்டரம்மாதான். யாரோ ஒரு பெண், மாடிப்படியில் விழுந்து நடுப்பல் ரெண்டும் போய்விட்டது. பக்கத்துப் பற்கள் ரெண்டையும் ராவிச் சின்ன முளையாக்கி, அவற்றின்மேல் நாலு பல்லையும் ஒரே துண்டாக மாட்ட வேண்டும். அதில் அதிசயம் இல்லை. அந்தப் பெண் தன் பழைய படத்தைக் கொடுத்திருந்தாள். இடது முன்பல் பக்கத்துப் பல்லின்மேல் லேசாக ஏறி, ஓரம் பொடிசாகச் சிதைந்திருக்கும் சிரிப்பு. அது அப்படியே வேண்டுமாம். விழுந்ததோ பல் போனதோ ஒரு ஈ காக்கைக்கும் தெரியக் கூடாதாம். நேரான பல் செய்வது சுலபம், கோணலை அதன் கோணல் மாறாமல் செய்வதற்குள் உயிர் போய்விடும். செய்து பார்த்துப் பார்த்து உடைத்துப்போட்டார். கடைசியில் வந்ததே ஒன்று! டாக்டரம்மாவே போனில் வாயடைத்துப்போனாள். நிறம் பார்ப்பதற்காக மாட்டுவதற்கு முன்னால் எடுத்த படம், மாட்டிய பிறகு எடுத்த படம், ரெண்டும் அவர் போனில் இருந்தன. மனசு சோர்ந்த நாட்களில் எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

"அருமைப்பா!" என்றாள் மகள். "முன்னாடி, பின்னாடின்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் போடலாம். இது யாரு? போடலாமா?"

"யாருன்னு எனக்கே தெரியாது. வெறும் வாய்தானே. மூக்கு வரைக்கும் வெட்டிடு."

மகள் வெட்டினாள். கண்ணும் மூக்கும் போய் வாய் மட்டும் நின்றது. அதற்கு மேல் அதைப் பற்றி ரெண்டு பேரும் யோசிக்கவில்லை.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கிருந்து வந்தார்களோ, ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார்கள், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். பார்த்ததைத் தங்கள் பக்கத்திலும் எடுத்துப் போட்டார்கள். 'பிரமாதம்', 'இது பல் அல்ல, கலை' என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். பல்செட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் பீங்கானை வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்து ஒரு கடைவாய்ப் பல்லைத் தீய்த்துவிட்டார். வாழ்நாள் முழுக்க ஒருவரும் நல்லா இருக்கு என்று சொல்லாத மனுஷன், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று மனைவி விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பல் பிரிவின் தலைவர் தனியாக எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் நேரில் வாருங்கள், எங்கள் டாக்டர்கள் எல்லாரும் இருப்பார்கள், அந்த முன்பல் நாலையும் எப்படிச் செய்தீர்கள் என்று நீங்களே அவர்களுக்கு விளக்க வேண்டும் என்று. மகள் போனிலேயே கத்தினாள். "கெடைச்ச மாதிரிதாம்பா! அந்தப் படம்தான் உங்களக் கொண்டுபோய்ச் சேத்திருக்கு." அவர் அன்று முக்காலியில் உட்கார்ந்தபோது முதுகு வலிக்கவில்லை. அல்லது வலித்தது அவருக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் டாக்டரம்மா போன் பண்ணினாள். எடுத்த எடுப்பில் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"என் பேஷன்ட்டோட வாயத் தூக்கி ஊருக்கே காட்டியிருக்கீங்களே, உங்களுக்கு என்ன தைரியம்? அந்தப் பொண்ணு நேத்து வந்து என் ரூம்ல உக்காந்து அழுவுது. நான் என்ன பதில் சொல்றது?"

"டாக்டர், முகம் தெரியல... வாய் மட்டும்தான்..."

"போட்டோ உங்களுக்கு எதுக்கு அனுப்பினேன்? கலர் பாக்கறதுக்கு. நம்பி அனுப்பினேன் பாருங்க, என்னச் சொல்லணும். இனிமே அச்சு வாங்க உங்க வீட்டம்மாவ அனுப்பாதீங்க. நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள். பல்செட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டரம்மா இல்லை என்றால் மிச்சம் இருக்கிற ரெண்டு டாக்டர்கள் அனுப்புவது கொசுறு. இனி வெள்ளிக்கிழமைதான் கதி. அது கிடைக்காவிட்டால் அந்த முக்காலியும் இல்லை. இந்த வயதில் தெருத் தெருவாகப் போய் எந்த டாக்டர் வாசலில் நிற்பது? அன்று முழுக்க அவர் ஒரு பல்லும் செய்யவில்லை.

சாயங்காலம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது சொச்சம் வயது இருக்கும். ஆபீஸ் விட்டு நேராக வருகிற களை. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"இங்க பல்லு செய்யறவரு..."

"நான்தாம்மா. உள்ள வா. எந்த டாக்டர் அனுப்பினாங்க?"

அவள் கைக்குட்டையை எடுத்தாள். பல்செட்காரர் யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார், அது ஜென்மப் புத்தி. பார்த்தார். பார்த்ததும் மனுஷனுக்கு வாயெல்லாம் சிரிப்பு.

"அட! நம்ம பல்லு!" என்றார்.

சத்தியமாகச் சந்தோஷத்தில்தான் சொன்னார். தான் செய்த பல் ஒரு உயிருள்ள வாயில் இருந்து அவர் நேரில் பார்த்ததே இல்லை. காலையில் டாக்டரம்மா திட்டியதெல்லாம் அந்தக் கணத்தில் மறந்தே போய்விட்டது. "ஒரு தடவ சிரிம்மா, வெளிச்சத்துல பாக்கறேன்" என்று வேறு கேட்டுவிட்டார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவிக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "நீங்க செஞ்ச பல்லுதான் சார். ஆனா வாய் என்னுது" என்றாள்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். கீழுதட்டின் ஓரத்தில் ஒரு மச்சம். சின்னது இல்லை, மிளகு அளவுக்கு இருந்தது. வாசலில் நின்று பார்த்தாலே தெரிகிற மச்சம். வாரக்கணக்கில் அந்தப் படங்களைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்திருக்கிறார். பல்லின் ஓரத்தில் இருக்கும் இழை போன்ற நீல நிழலைக்கூட மனப்பாடமாகச் சொல்வார். மச்சத்தை அவர் பார்த்ததே இல்லை.

அவள் உட்கார்ந்தாள். கத்தவில்லை, சாபம் விடவில்லை. அலுத்துப்போன குரலில், ஏற்கனவே பல பேரிடம் சொல்லிவிட்ட விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள். அவள் ஒரு கம்பெனியில் வரவேற்பு மேஜையில் இருக்கிறவள். உள்ளே வருகிற எவரும் முதலில் பார்ப்பது அவளைத்தான். கணக்குப் பிரிவில் ஒருவன் எங்கேயோ அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறான், மச்சத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டான்.

"நல்லா இருக்கற படத்த விட்டுட்டாங்க சார். பல்லு இல்லாம, ராவி வச்சிருக்கு பாருங்க, அத மட்டும் வெட்டி ஆபீஸ் குரூப்ல போட்டுட்டாங்க. மேல 'குட் மார்னிங்'னு எழுதி."

பல்செட்காரர் தரையைப் பார்த்தார்.

"மேனேஜர் நல்லவர்தான். 'கொஞ்ச நாள் உள்ள ஸ்டோர்ல இரும்மா, அடங்கட்டும்'னாரு. முன்னாடி வேற பொண்ண உக்கார வச்சுட்டாங்க. நான் இப்ப ஸ்டோர்ல பேப்பர் கட்டு எண்ணிட்டிருக்கேன். அதக்கூட விடுங்க. எல்லாரும் என் வாயவே பாக்கறாங்க. சாப்பிட வாயத் திறக்க முடியல." கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தாள். "அத எடுத்துடுங்க சார். அதுக்குத்தான் டாக்டர்கிட்ட விலாசம் வாங்கிட்டு வந்தேன்."

"எடுத்துடறேம்மா" என்றார் அவர் உடனே. "கண்டிப்பா எடுத்துடறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்துடறேன்."

"வெள்ளிக்கிழமையா? இப்ப முடியாதா?"

இங்கேதான் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் மகளுக்குப் போன் போட்டிருக்கலாம். அவரோ எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா கைவிட்டதை, ஆஸ்பத்திரியை, வெள்ளிக்கிழமையை, படத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதை. இருமலையும் சொன்னார், மனைவியின் முட்டிவலியையும் சொன்னார். "ரெண்டே நாள்தாம்மா. பாக்கறவங்க எல்லாம் பாத்தாச்சு. ரெண்டு நாள்ல புதுசா என்ன வந்துடப்போகுது?"

"பாவம், உங்களுக்கும் வேலை வேணும்" என்றாள். அதை அவள் குத்திக் காட்டித்தான் சொன்னாளா, உள்ளபடியே சொன்னாளா என்று அவருக்குப் புரியவில்லை. மனைவி கொண்டுவந்து வைத்த தண்ணீரை அவள் தொடவில்லை. எழுந்தாள், கைக்குட்டையை வாய்மேல் வைத்துக்கொண்டாள், போய்விட்டாள்.

"அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்தும் உங்களுக்கு மனசு வரலையா?" என்று கேட்டாள் மனைவி.

"நீ பஸ்ஸுல நொண்டிக்கிட்டுப் போறதையும்தான் பாக்கறேன். அதுக்கு என்ன சொல்ற?"

அந்தப் பேச்சு அத்துடன் நின்றது. அந்த வீட்டில் மற்றப் பேச்சும் அத்துடன் நின்றது.

மகள் விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனாள். "ஐயோ, இப்பவே எடுத்துடறேம்பா. படம்தான் நம்மகிட்ட இருக்கே, அங்க போய்ப் போன்லயே காட்டலாமே!"

நியாயம்தான். அவருக்கும் அது தோன்றாமல் இல்லை. "வேணாம்மா. லிங்க் அவங்ககிட்ட இருக்கு. தெறந்து பாத்துட்டு, காணோமேன்னு சந்தேகப்பட்டா?" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "எடுத்துட்டா அத்தன பேரு எழுதினதும் போயிடும் இல்ல?" என்றார். பெற்ற அப்பாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க மகளுக்கும் மனசு வரவில்லை. "உங்க இஷ்டம்ப்பா" என்று வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு நீளமான அறை. விளக்கை அணைத்துத் திரையில் படத்தைப் போட்டார்கள். ஒவ்வொரு பல்லும் கதவு அளவுக்கு நின்றது. மச்சம் ஒரு தட்டு அளவுக்கு இருந்தது. டாக்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பல்செட்காரர் அந்த மச்சத்தைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் பேச்சு தானாக வந்தது. எந்தப் பொடியை எதன்மேல் எத்தனை மெல்லிசாகப் போட்டேன், ஓரத்தில் ஏன் கொஞ்சம் சாம்பல் நிறம், எப்படி உடைத்துப்போட்டேன் என்று எல்லாம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ரசித்தார்கள். அதையும் அவர் கவனித்தார். அதில் கொஞ்சம் சந்தோஷமும் பட்டார்.

முடிந்ததும் தலைவர் விளக்கைப் போட்டார். நரைத்த தாடி, சாந்தமான மனுஷர்.

"ரொம்ப நல்ல வேலை. ஒரு விஷயம். இதப் பொதுவுல போட அந்தப் பேஷன்ட் சம்மதிச்சாங்கல்ல? இங்க அதுல நாங்க கறாரா இருப்போம், அதனால கேக்கறேன்."

"சம்மதிச்சாங்க சார்" என்றார் பல்செட்காரர்.

நாக்கு ஒரு வினாடிகூடத் தடுக்கவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

வேலை கிடைத்தது. சொன்ன சொல் தவறாமல் அன்று சாயங்காலமே மகளை விட்டுப் படத்தை எடுக்கச் சொன்னார். படம் மட்டும் இல்லை, அந்தப் பக்கத்தையே முழுசாக எடுத்துவிடு என்றார். "பக்கத்த எதுக்குப்பா? நாளைக்கு வேற எடத்துக்குப் போகணும்னா..." என்று இழுத்தாள் மகள். "வேற எடத்துக்கு நான் எங்க போகப்போறேன்? எடுத்துடும்மா" என்றார். சட்டை போட்டுக்கொண்டு சிரித்த படம், நிபுணர் என்ற பட்டம், முன்பின் தெரியாதவர்களின் பாராட்டு, எல்லாம் போயிற்று. மற்றவர்கள் எடுத்துப் போட்டுக்கொண்டது எங்கெங்கே இருக்கிறதோ, அதற்கு அவர் என்ன செய்ய முடியும்? எடுத்தாயிற்று என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல நினைத்தார். அவள் பெயரும் கேட்டுவைக்கவில்லை, போன் நம்பரும் வாங்கிவைக்கவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டு வா என்றதற்கு மனைவி, "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் போய் நிக்கறது? நீங்களே போங்க" என்றாள். அவர் போகவில்லை.

நாற்காலி நன்றாகத்தான் இருந்தது. ஏற்றலாம், இறக்கலாம், சாய்க்கலாம். தூசியை மெஷின் உறிஞ்சிக்கொண்டது, இருமல் பாதியாகக் குறைந்தது. மத்தியானச் சாப்பாட்டை மத்தியானத்தில் சாப்பிட்டார். மனைவி பஸ் ஏறுவது நின்றது, முட்டிக்கு மருந்து தடவிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார அவளுக்கு நேரம் கிடைத்தது. ரெண்டு பேரும் பழையபடி பேசிக்கொண்டார்கள். இருந்தும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முன்பைவிட அலுப்பாக இருந்தது அவருக்கு. வயசாகிறது இல்லையா என்று சொல்லிக்கொண்டார். மனைவி, ஆமாம் ஆமாம், வயசுதான் என்றாள்.

சில மாதங்கள் போயிருக்கும். மாடியில் இருந்த பல் பிரிவிலிருந்து ஒரு நாள் காலையில் ஒரு அச்சு வந்தது. கீழே லேபில் வேலை பார்த்தவர்கள் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர் வழக்கம் போலக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் வரிசையைத் தடவினார். வலது பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று லேசாக உள்பக்கம் திரும்பியிருந்தது. முன்னால் ரெண்டு இடம் காலி, அவற்றுக்கு ரெண்டு பக்கமும் ராவிய முளைகள். விரல் நின்றுவிட்டது. அந்த முளைகளின்மேல் அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத் தெரியாதா?

கூட வந்த குறிப்பை அப்புறம்தான் படித்தார். முன்பல் நாலு. பழையதை அறுத்து எடுத்தாயிற்று. புதியது வேண்டும். பழைய அமைப்பு வேண்டாம், பற்கள் நேராக, ஒரே அளவாக, எல்லாருக்கும் இருப்பது போல இருக்க வேண்டும். நோயாளி புகைப்படத்துக்குச் சம்மதிக்கவில்லை.

நல்ல பல். ஒரு விரிசல் இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. இன்னும் பல வருஷம் உழைத்திருக்கும். அதை மெஷின் வைத்து அறுத்து எடுக்கச் சொல்லி வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறாள். அவர் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுவிட்டு வந்தார்.

படம் இல்லாத வேலைக்கு நிறம் பார்க்க அவரே மாடிக்குப் போவதுதான் வழக்கம். அன்று போகவில்லை. லேபில் வேலை பார்த்த ஒரு பெண்ணை அனுப்பிவைத்தார். வேலையையும் வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம், கொடுக்க மனசு வரவில்லை. அவரே செய்தார். நேராக, ஒரே அளவாக, வரிசையாக நாலு பல். ஒரு தடவைகூட உடைத்துப்போட வேண்டியிருக்கவில்லை. அவர் செய்ததிலேயே சுலபமான முன்பல் அதுதான். கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். யார் வாய்க்கும் பொருந்தும்.

மாட்டிய அன்று சாயங்காலம் மாடியிலிருந்து சின்ன டாக்டர் போன் பண்ணினான். புதுசாக வேலைக்குச் சேர்ந்தவன், உற்சாகமான பையன்.

"சார், அந்த முன்பல் நாலு சூப்பரா உக்காந்துடுச்சு. அவங்களுக்கு ரொம்பத் திருப்தி. ஒண்ணே ஒண்ணு மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க சார். 'இத வெளியில குடுத்துச் செஞ்சீங்களா, செஞ்சவங்க யாரு'ன்னு. இல்லீங்க, வெளி ஆள் யாரும் கிடையாது, எங்க ஆளுங்கதான் செஞ்சாங்கன்னேன். 'அப்பாடா'ன்னு ஒரு பெருமூச்சு விட்டாங்க பாருங்க. அப்புறம்தான் சார் வாயத் தெறந்து சிரிச்சாங்க."

"நல்லதுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் பல்செட்காரர் போனை வைத்தார். அதைத் தவிர அவர் என்ன சொல்ல முடியும்?